இல்லாத துண்டு

நெல்லைக் காயவிட்டிருக்கிறவள் வானத்தைப் பார்க்க வேண்டும். கமலாசனி அன்றைக்கு வானத்தை மறந்து மகளுடைய கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குளத்து வாய்க்காலை ஒட்டிப் போகிற தார் றோட்டின் ஒரு பாதி, தை மாதம் பிறந்தால் அக்கராயன் சனத்துக்குக் களம். படங்கு உள்ளவர்கள் படங்கை விரித்து, இல்லாதவர்கள் வெறும் தாரிலே, வீட்டுக்கு வீடு கல் வைத்து எல்லை பிரித்து நெல்லைப் பரப்பியிருந்தார்கள். மற்றப் பாதியால் பஸ்ஸும் டிப்பரும் போகும். சாரதிமார் தலையை வெளியே நீட்டித் திட்டிக்கொண்டுதான் போவார்கள். அவர்களுடைய வீட்டு நெல்லும் வேறெங்கோ ஒரு றோட்டில் கிடக்கும் என்பதால் அந்தத் திட்டில் பெரிதாகச் சூடு இருக்காது.

மேனுகா நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து கிளறிக்கொண்டிருந்தாள். நாலு அடி நடப்பாள், நின்று உள்ளங்கையைச் சொறிவாள். பிறகு ஒரு காலின் பெருவிரலால் மற்றப் பாதத்தைத் தேய்ப்பாள். இருபத்தாறு வயதுப் பெண், நாலு வருசம் முன்னே தாலி கட்டியவள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒற்றைக் காலில் நின்று தள்ளாடினாள்.

"என்ன பிள்ளை, கடிக்குதோ?" கமலாசனி கேட்டாள்.

"சுணையம்மா. நேற்று மிசின் வெட்டேக்கை பக்கத்தில நிண்டனான் எல்லே."

அடுத்த படங்கில் நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்த தங்கம்மாவுக்கு ஊரில் நடக்கிற எந்தக் கதைக்கும் ஒரு மருந்து இருக்கும். "இந்தமுறை எல்லாருக்கும் சுணைதான். புது இனம் எண்டு விதைச்சவை, இப்ப ஊரே நிண்டு சொறியுது. தேங்காயெண்ணெய் பூசிப்போட்டு முழுகு, போயிடும்."

நெல்லுச் சுணை கழுத்தில் கடிக்கும், முழங்கை மடிப்பில் கடிக்கும், அந்த இடம் தடித்துச் சிவக்கும். உள்ளங்கையையும் உள்ளங்காலையும் அது தொடாது. முப்பது வருசம் வெட்டுக்குப் போய்வந்த கமலாசனிக்கு அது தெரியும். மகளின் கையைப் பிடித்து வெயிலில் விரித்துப் பார்த்தாள். தடிப்பு இல்லை. நகம் கிழித்த கோடுகள்தான் இருந்தன. இரண்டு இடத்தில் இரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

இதே கையை, இதில் பாதி அளவாக இருந்தபோது, அவள் இப்படி ஒருமுறை விரித்துப் பார்த்திருக்கிறாள்.

"நீ வீட்டை போ."

"ஏனம்மா? இன்னும் ஒருக்காக்கூட முழுசாக் கிளறேல்லை."

"போ எண்டால் போ. நான் பாக்கிறன்."

மேனுகா போன பிறகு கமலாசனி நெல்லைக் கிளறவில்லை. றோட்டுக் கரையில், எல்லைக் கல்லின்மேல் குந்தியிருந்தாள்.

மூன்றாம் நாள் கண் மஞ்சளித்தது.

வீட்டில் அப்போது நாலு பேர். கமலாசனி, மேனுகா, மருமகன் சுஜிதன், அவனுடைய தாய் வடிவம்மா. சுஜிதன் புதுக்குடியிருப்புக்காரன். கலியாணத்தோடு பெண் வீட்டுக்கு வந்து, கமலாசனியின் மூன்று ஏக்கரையும் தன்னுடைய லான்ட்மாஸ்ரர் உழவு மிசினையும் சேர்த்து உழுது சீவிக்கிறவன். அதிகம் கதைக்க மாட்டான். இடது காலில் மூன்று ஷெல் துண்டு இருக்கிறது, மழைக்கு முன்னே அது குத்தும். "மாமி, நாளைக்கு நெல்லை விரிக்க வேண்டாம், கால் சொல்லுது" என்பான். ரேடியோவைவிட அந்தக் காலைத்தான் அயலில் நம்பினார்கள். வடிவம்மா ஒவ்வொரு தையிலும் புது அரிசிக்கு வருவார். வரும்போது ஒரு பை நிறையப் பாரைக் கருவாடு கொண்டுவருவார்.

"இந்தமுறை கருவாட்டை இவளுக்குக் காட்டவே கூடாது," என்றார் வடிவம்மா, மருமகளின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு. "செங்கமாரி. நூற்றுக்கு நூறு செங்கமாரி. கமலா, வாய்க்கால் கரையில கீழ்காய்நெல்லி நிக்குதே? நான் பிடுங்கிக்கொண்டு வாறன். மோரில அரைச்சுக் குடுத்தால் ஏழு நாள்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம் அக்கா."

"கொண்டு போ. ஆர் வேண்டாமெண்டது? உதையும் குடிக்கட்டும், அதையும் குடிக்கட்டும்."

வடிவம்மாவே பிடுங்கி, வடிவம்மாவே அம்மியில் அரைத்து, மருமகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பருக்கினார். கமலாசனி குசினி வாசலில் நின்று பார்த்தாள். இந்தப் பெண் இவ்வளவு நல்லவராக இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

கிளினிக்கில் முதலில் எலிக்காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். வயலில் நின்ற ஆள், கண் மஞ்சள், மாதம் தை. வேறு என்ன நினைப்பது? இரத்தம் எடுத்தார்கள், எலிக்காய்ச்சல் இல்லை என்று வந்தது. பிறகு வயிற்றை ஸ்கான் பண்ணச் சொன்னார்கள். டொக்டர் ஒரு இளம் பிள்ளை, மேனுகாவைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். சட்டையை உயர்த்தச் சொன்னவள் வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் குறுக்கே கிடந்த தழும்பைக் கண்டாள்.

"இதென்ன?"

மேனுகா சுஜிதனைப் பார்த்தாள். சுஜிதன் கிளினிக் கொப்பியைப் பிடித்தபடி நின்றான். கமலாசனி மர வாங்கின் ஓரத்தில் இருந்தாள்.

"ஷெல்," என்றாள் மேனுகா.

வன்னியில் அந்தச் சொல்லுக்குப் பிறகு யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. அந்த டொக்டர் பிள்ளையும் கேட்கவில்லை. கொப்பியில் எழுதினாள். "பித்தம் ஈரலில இருந்து குடலுக்குப் போற குழாய் வீங்கியிருக்கு. ஏன் வீங்கியிருக்கு எண்டு இந்த ஸ்கானில வடிவாத் தெரியேல்லை. யாழ்ப்பாணத்தில எம்.ஆர்.ஐ. எடுக்கோணும், கடிதம் தாறன். கெதியாப் போங்கோ," என்றாள்.

கமலாசனி அந்தக் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் வாயில் இருந்த மட்டும் ஒரு மாதிரி. இப்போது அது அரசாங்கத்துக் கொப்பியில் ஏறிவிட்டது.

யாழ்ப்பாணத்துக்குப் புருசனும் பெண்சாதியும் விடிய நாலரை பஸ்ஸில் போனார்கள். பின்னேரம் திரும்பி வந்தபோது சுஜிதனின் முகம் சரியில்லை. மேனுகா நேரே அறைக்குள் போய்ப் படுத்துவிட்டாள். சுஜிதன் குசினிக்குள் வந்து பலகையில் குந்தினான்.

"எடுக்கேல்லை மாமி."

"ஏன்?"

"அது காந்தமாம். பெரிய காந்தம். உள்ளுக்கு விடமுந்தி ஒரு பேப்பர் தந்து கேட்டவை, உடம்பில இரும்பு, ஷெல் துண்டு ஏதும் இருக்கோ எண்டு. இவள் ஒண்டும் பறையாமல் நிண்டவள். பயத்தில நிக்கிறாளாக்கும் எண்டு நான்தான் சொன்னன், ஓம், வயித்தில பட்டது, துண்டு இருக்கோ எடுத்ததோ தெரியாது எண்டு. உடனே நிப்பாட்டிப் போட்டினம். துண்டு கிடந்தால் காந்தம் இழுத்து உள்ளுக்க வெட்டிப் போடுமாம்." அவன் தன் காலைத் தடவினான். "எனக்கெண்டாலும் அப்பிடித்தானாம். அந்த மிசினுக்குக் கிட்டவே போகேலாதாம்."

"பிறகு?"

"எக்ஸ்ரே எடுத்து, எங்க ஒப்பரேசன் நடந்தது, என்ன செய்தது எண்டு கடிதத்தோட வரட்டாம். அடுத்த திகதி மூண்டு கிழமையால. மாமி, அப்ப, கடைசிச் சண்டையில, மாத்தளன் ஆஸ்பத்திரியில ஆர் டொக்டர்? ஆரையும் நினைவிருக்கோ?"

கமலாசனி அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். தள்ளத் தேவை இருக்கவில்லை, அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது.

"அந்த நேரம் ஆர் ஆரைப் பாத்தது தம்பி."

"அதுதானே," என்றான் சுஜிதன். அவன் நம்பினான். அந்த நேரத்தை அவனும் கண்டவன். பதினைந்து வயதில், காலில் துண்டோடு, தமக்கையின் உடலைப் பதுங்கு குழி வாசலில் விட்டுவிட்டு நடந்தவன். அவனிடம் போய் அந்த நேரத்தை வைத்துப் பொய் சொல்வது என்ன மாதிரியான பாவம் என்று கமலாசனிக்கு விளங்கியது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

மேனுகாவின் உடம்பில் ஒரு துண்டும் இல்லை. அவளுக்கு ஷெல் படவேயில்லை.

அவள் பிறக்கும்போதே அவளுடைய பித்தக் குழாய் சரியில்லை. நாலு வயதில் உள்ளங்கையைச் சொறிந்து சொறிந்து அழுதாள், கண் மஞ்சளித்தது, காய்ச்சலில் தூக்கித் தூக்கிப் போட்டது. அது சமாதான காலம், பாதை திறந்திருந்தது, வெளிநாட்டிலிருந்து வந்த தமிழ் டொக்டர்மார் வன்னியில் தங்கி நின்று ஒப்பரேசன் செய்தார்கள். தலை நரைத்த ஒரு டொக்டர் மேனுகாவை வெட்டினார். வெட்டி முடிந்து வெளியே வந்து, வேப்பமரத்துக்குக் கீழே நின்ற கமலாசனியையும் அவள் புருசன் சின்னராசாவையும் இருத்தி வைத்துக் கதைத்தார். நிலத்தில் ஈர்க்கால் கீறிக் காட்டினார். "இதுதான் குழாய். இந்த இடத்தில பிறவியிலேயே பை மாதிரி வீங்கியிருக்கு. அந்தப் பையை முழுசா எடுக்கோணும். ஆனால் பிள்ளை இப்ப தாங்காது, கிருமி ஏறியிருக்கு. அதனால பையைக் குடலோட இணைச்சு விட்டிருக்கிறன். இது தற்காலிகம். விளங்குதோ? பிள்ளை தேறினவுடன கொழும்புக்குக் கொண்டு போங்கோ. பை உள்ளுக்க கிடந்தால் பித்தம் தேங்கித் தேங்கி வருசக்கணக்கா அந்தத் தோல் புண்படும். பெரிசான பிறகு அதில புற்றுநோய் வாறதுக்கு இடம் கூட. விட்டிடாதேங்கோ."

விடக்கூடாது என்றுதான் இருவரும் நினைத்தார்கள். பிள்ளை தேறினாள், கொழுத்தாள், ஓடினாள். வெட்டு முடியட்டும் என்றான் சின்னராசா. வெட்டு முடிய விதைப்பு வந்தது. அடுத்த வருசம் கடல் வந்து சனத்தை வாரிக்கொண்டு போனது, டொக்டர்மாருக்கு அதைப் பார்க்கவே நேரம் போதவில்லை. பிறகு பாதையைப் பூட்டினார்கள். பிறகு சண்டை, ஓட்டம். துண்டும் காயமும் மற்றவர்களுடைய பிள்ளைகளுக்குப் பட்டன. மேனுகாவுக்கு ஒரு கீறல் இல்லை. ஒப்பரேசன் கடிதம் கிடந்த பை இரணைப்பாலையில் ஒரு கூடாரத்தோடு எரிந்தது. சின்னராசா முள்ளிவாய்க்காலில் போனான். அந்த வேப்பமரத்தடிக் கதையைக் கேட்ட இரண்டு பேரில் கமலாசனி மட்டும் மிஞ்சினாள்.

முகாமில் இருந்து திரும்பி வந்த பிறகாவது கொண்டு போயிருக்கலாம். அதை அவள் தனக்குத்தானே பல தடவை சொல்லியிருக்கிறாள். பாதை திறந்துதான் இருந்தது, ஆஸ்பத்திரியும் இருந்தது. ஆனால் பிள்ளை கொழுக்கட்டை மாதிரி இருந்தாள். பள்ளிக்கூடச் சோதனை முடியட்டும், வீடு கட்டி முடியட்டும், அடுத்த போகம் முடியட்டும். பிறகு கலியாணப் பேச்சு வந்தது. கலியாணப் பேச்சு வந்த பெண்ணை எவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்?

மாப்பிள்ளையின் தாயாக வடிவம்மா முதல் முதல் வந்த அன்று கூறைச் சட்டைக்கு அளவெடுத்தார்கள். மேனுகா பாவாடை சட்டையோடு நின்றாள். சட்டை கொஞ்சம் உயர்ந்தபோது வடிவம்மாவின் கண் தழும்பில் விழுந்தது. முடிந்தது, இனி விசாரிப்பார், பிறவி நோய் என்று தெரிந்தால் எழும்பிப் போவார் என்று கமலாசனி நினைத்தாள். வடிவம்மா முன்னே வந்து அந்தத் தழும்பில் உள்ளங்கையை வைத்தார்.

"ஷெல்லே பிள்ளை?"

மேனுகா தாயைப் பார்த்தாள்.

"என்ரை மகள் பிரேமிளாவுக்கும் உதிலதான் பட்டது," என்றார் வடிவம்மா. "உதே இடம். அவள் அரை மணித்தியாலம் கிடந்தவள். நீ பிழைச்சிட்டாய் என்னணை?" பிறகு கமலாசனியைத் திரும்பிப் பார்த்தார். "மாத்தளனிலயோ?"

"ஓம்," என்றாள் கமலாசனி.

அந்த ஒரு சொல்தான். அதற்கு மேல் அவள் எதையும் கட்டிச் சொல்லவில்லை, மற்றதை எல்லாம் வடிவம்மாவே கட்டிக்கொண்டார். நாலு வருசமாக ஒவ்வொரு வைகாசியிலும் முள்ளிவாய்க்காலில் பிரேமிளாவுக்கு விளக்குக் கொளுத்துவது மேனுகாதான். "காயப்பட்ட கை கொளுத்தட்டும்" என்பார் வடிவம்மா. சுஜிதனும் கலியாணமான புதிதில் மாமிக்கு முன்னாலேயே ஒருநாள் பெண்சாதியைப் பகிடி பண்ணினான். "எனக்கு மூண்டு, உமக்கு எத்தினை எண்டு இன்னும் கணக்குத் தெரியேல்லை." அவள் சிரித்தாள். கமலாசனியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைக்க அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

யாழ்ப்பாணத்தால் வந்த மறுநாள் காலை மேனுகா குசினிக்கு வந்தாள். சுஜிதனும் வடிவம்மாவும் றோட்டில் நெல் விரிக்கப் போயிருந்தார்கள். கமலாசனி அவளுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். புதுப் பச்சையரிசிக் கஞ்சி, தேங்காய்ப்பால் விடாமல்.

"அம்மா, சொல்லிடாதேங்கோ."

"எதை?"

"எதை எண்டு உங்களுக்குத் தெரியும்."

"மூண்டு கிழமை எண்டவை பிள்ளை. உன்ரை மூத்திரம் தேயிலைச் சாயம் மாதிரிப் போகுது. ராவு ராவாச் சொறியிறாய். மூண்டு கிழமை நாங்கள் என்னெண்டு இருக்கிறது?"

"எக்ஸ்ரே எடுத்தால் துண்டு இல்லை எண்டு தெரியும்தானே. அப்ப தாங்களாவே மிசினுக்குள்ள விடுவினம். துண்டைக் கழட்டிப்போட்டினமாக்கும் எண்டு இவர் நினைப்பார். ஒருத்தரும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

"அவையள் ஒப்பரேசன் கடிதம் கேக்கினம். என்ன வெட்டினது, என்ன தைச்சது எண்டு தெரியாமல் எப்பிடி மருந்து செய்யிறது?"

"என்ன வெட்டினது?" மேனுகா கஞ்சியைத் தொடாமல் கேட்டாள். "சின்னனில வயித்துக்கை ஒரு அடைப்பு, அதை எடுத்தது எண்டுதானே சொன்னனீங்கள். எடுத்தது எடுத்ததுதானே. இப்ப வேற ஏதோ வருத்தம்."

கமலாசனி வாயைத் திறந்தாள். வேப்பமரத்தடி அப்படியே வாய்வரைக்கும் வந்தது. கீறின ஈர்க்கும், நரைத்த தலையும், விட்டிடாதேங்கோ என்ற குரலும். மகளுடைய மஞ்சள் கண்ணைப் பார்த்ததும் அது திரும்பி உள்ளே போய்விட்டது.

"குடி பிள்ளை, ஆறப்போகுது."

"மாமி இரவு முழுக்க என்ரை காலைத் தடவிக்கொண்டு இருந்தவா," என்றாள் மேனுகா. "சொறிஞ்சால் கிழிஞ்சு போம் எண்டு, சீலைத் துணியால தடவினவா. பிரேமிளாவைக் காப்பாத்தேலாமல் போச்சு, உன்னை விடமாட்டன் எண்டு சொல்லுறா. அவாவுக்கு என்ன முகத்தோட சொல்லப்போறீங்கள்?"

கமலாசனி ஆறிப்போன கஞ்சியை எடுத்துத் திரும்ப அடுப்பில் வைத்தாள்.

நாலு நாள் போனது. நாலு நாளும் மேனுகா மெலிந்தாள். தங்கம்மா ஒரு நாள் எட்டிப் பார்த்து, கீழ்காய்நெல்லியை ஆட்டுப் பாலில் கொடுக்காதபடியால்தான் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். ஐந்தாம் நாள் காலையிலேயே சுஜிதன் காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினான்.

"இண்டைக்கு வரும் மாமி."

"வானம் வெளிச்சாத்தானே கிடக்குது."

"வரும்."

வெளிச்சத்தை நம்பி நெல்லை விரித்துவிட்டார்கள். பத்து மணிக்குத் தெற்குப் பக்கம் கறுத்தது. பதினொரு மணிக்குக் குளத்துக் கட்டின்மேல் காற்று எழும்பியது. தைமாதத்தில் வராத மழை, ஆனால் இப்போதெல்லாம் மழை மாதம் பார்த்தா வருகிறது? றோட்டு நீளத்துக்குச் சனம் ஓடியது. பலகையால் நெல்லைத் தள்ளிக் குவித்தார்கள், கடகத்தால் அள்ளி உரப்பைக்குள் கொட்டினார்கள். வடிவம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பையின் வாயைப் பிடித்தார், கமலாசனி அள்ளினாள், சுஜிதன் கட்டிக் கட்டி லான்ட்மாஸ்ரரில் ஏற்றினான்.

"மேனுகா எங்க?" என்றான் சுஜிதன்.

படுக்கச் சொல்லிவிட்டு வந்த பிள்ளை, நெல் நனையப் போகிறதே என்று எழும்பி வந்திருந்தாள். படலையைத் தாண்டி றோட்டுக்கு வந்தவள் எல்லைக் கல்லில் கையை ஊன்றி இருந்தாள். பல் அடித்தது. உடம்பு முழுக்கக் குலுங்கியது. முதல் துளி இன்னும் விழவில்லை, ஆனால் அவள் நனைந்தவள் மாதிரி நடுங்கினாள்.

கமலாசனியின் கையில் இருந்த கடகம் கீழே போனது. நாலு வயதில் தூக்கித் தூக்கிப் போட்டது இதே நடுக்கம்தான். கிருமி ஏறிவிட்டது.

வடிவம்மா ஓடிப்போய் மருமகளைக் கட்டிப் பிடித்தார். "கொதிக்குது! தம்பி, ஓட்டோவைக் கூப்பிடு. ஐயோ, அந்தத் துண்டுதான் உள்ளுக்க கிடந்து அழுகுது போல. பாழ்பட்ட ஷெல்!"

"அக்கா," என்றாள் கமலாசனி.

"ஒரு கம்பளி எடுத்துவா கமலா, நிண்டு பாக்காதை!"

"அக்கா, துண்டு இல்லை."

"என்ன?"

"அவளுக்கு ஷெல் படேல்லை. ஒருநாளும் படேல்லை. அது பிறவி வருத்தம். பித்தக் குழாய். நாலு வயசில வெட்டினது. சமாதான காலத்தில." கமலாசனி சுஜிதனைப் பார்த்துச் சொன்னாள், வடிவம்மாவைப் பார்க்க முடியவில்லை. "தம்பி, டொக்டருக்கு இதைச் சொல்லுங்கோ. துண்டு இல்லை எண்டு சொல்லுங்கோ. அந்த மிசினுக்குள்ள இண்டைக்கே விடட்டும்."

மழை விழுந்தது. ஒரேயடியாக, வாளியால் ஊற்றினது மாதிரி. தங்கம்மா தன்னுடைய குவியலின்மேல் படங்கை இழுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவர்களுடைய நெல்லுக்கு ஒருவரும் படங்கு இழுக்கவில்லை. பாதி நெல் தண்ணீரோடு றோட்டுச் சரிவால் வாய்க்காலுக்குள் போனது.

சுஜிதன் மேனுகாவைப் பார்த்தான். "உமக்கும் தெரியுமோ?"

அவள் பல் அடிக்கத் தலையாட்டினாள்.

அவன் ஒரு பையை லான்ட்மாஸ்ரரில் இருந்து கீழே தள்ளினான், பிறகு இன்னொன்றை, பிறகு எல்லாவற்றையும். கட்டின நெல்லெல்லாம் மழையில் உருண்டது. வெறும் பெட்டியில் படங்கை விரித்துப் பெண்சாதியைத் தூக்கி வைத்தான். "ஓட்டோ வந்து சேரப் பிந்தும். நான் சந்தி வரைக்கும் கொண்டு போறன்," என்றான்.

வடிவம்மா ஏறி மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். கமலாசனியும் ஏறினாள். சந்திக்குக் கிட்டப் போன பிறகுதான் வடிவம்மா வாய் திறந்தார். குரல் உயரவில்லை.

"வருத்தம் ஆருக்குத்தான் இல்லை, கமலா. சொல்லியிருந்தாலும் நான் எடுத்திருப்பன். ஆனால் என்ரை பிள்ளையின்ரை விளக்கை ஏன் கொளுத்த விட்டனி?"

கமலாசனி அழுதாள். மழையில் அது ஒருவருக்கும் தெரியவில்லை, தெரிந்திருந்தாலும் ஒருவரும் தேற்றியிருக்கமாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு ஊசி ஏற்றி, அன்றிரவே அம்புலன்சில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். எக்ஸ்ரேயில் இரும்பு ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் அந்தக் காந்த மிசினுக்குள் மேனுகா போய்வந்தாள். மூன்றாம் நாள் பெரிய டொக்டர் கூப்பிட்டார். சின்ன அறை. சக்கரக் கதிரையில் மேனுகா, பக்கத்தில் வாங்கில் கமலாசனி, சுவரோடு சுஜிதன். வடிவம்மா வெளியே விறாந்தையில் இருந்தார். மூன்று நாளும் மருமகளுக்குச் சாப்பாடு கொண்டுவந்தார், கமலாசனிக்கும் ஒரு பார்சல் கொண்டுவந்து வாங்கில் வைத்தார், முகத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை.

டொக்டர் நடுத்தர வயது, அவசரப்படாமல் கதைக்கிறவர். படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"பிள்ளைக்குப் பிறவியிலேயே பித்தக் குழாயில ஒரு பை. இஞ்ச தெரியுது. அந்தப் பையின்ரை உள்சுவரில ஒரு இடத்தில தடிப்பு இருக்கு. அதுதான் வழியை அடைக்குது."

"தடிப்பு எண்டால்?" சுஜிதன் கேட்டான்.

"இப்ப பேர் சொல்ல மாட்டன். சின்னத் துண்டு எடுத்துச் சோதிச்சால்தான் சொல்லலாம். நல்லதா இல்லாமலும் இருக்கலாம். அதுக்கு நீங்கள் தயாரா இருக்கோணும்." அவர் கமலாசனியின் பக்கம் திரும்பினார். "அம்மா, கடிதம் இல்லை எண்டு விளங்குது. நீங்கள்தான் எனக்குக் கடிதம். நினைச்சுச் சொல்லுங்கோ. அப்ப செய்த டொக்டர் பையை எடுத்தவரோ, இல்லாட்டி உள்ளுக்க விட்டுக் குடலோட இணைச்சவரோ? எடுத்தும் மிச்சம் விடுபட்டதோ, முழுக்க விட்டதோ எண்டு படத்தில நிச்சயமாச் சொல்லேலாமல் கிடக்கு. நான் எங்க வெட்டுறது, எவ்வளவு வெட்டுறது எண்டது அதில இருக்கு. பிறகு கொண்டு வந்து எடுக்கோணும் எண்டு அவர் ஏதும் சொன்னவரோ?"

மேனுகா தாயின் பக்கம் திரும்பவில்லை. அவளுக்கு அது டொக்டர் கேட்கிற நூறு கேள்வியில் ஒன்று. அவளுடைய இடது கை கமலாசனியின் கைக்குள் இருந்தது, சொறியாமல் இருக்கத் தாய் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கேட்டவர்களில் சின்னராசா இல்லை. கடிதம் இல்லை. அந்த நரைத்த தலை டொக்டர் எந்த நாட்டிலோ, உயிரோடு இருக்கிறாரோ தெரியாது. தெரியாது என்று சொன்னால் அது தெரியாததாகவே போய்விடும், உலகத்தில் ஒரு ஆளும் வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. மகள் அவளை இனியும் அம்மா என்று பழையபடி பார்ப்பாள். கமலாசனி இதையெல்லாம் நினைத்தாள். நினைத்ததைப் பிற்காலத்தில் அவள் மறைக்கவும் இல்லை.

"ஓம்," என்றாள். "பையை எடுக்கேல்லை. முழுசா உள்ளுக்க விட்டுக் குடலோட இணைச்சவர். இது தற்காலிகம் எண்டு சொன்னவர். தேறினவுடன கொழும்புக்குக் கொண்டு போய் எடுக்கோணும், விட்டால் பெரிசான பிறகு அதில புற்றுநோய் வரும் எண்டு சொன்னவர்."

டொக்டர் எழுதினார்.

"எப்பவம்மா சொன்னவர்?" மேனுகா கேட்டாள். சுவரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"உனக்கு நாலு வயசில."

மேனுகா மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள், உதடு அசைந்தது. "இருபத்திரண்டு வருசம்," என்றாள்.

பிறகு தன் கையைத் தாயின் கைக்குள்ளிருந்து மெல்ல எடுத்து, உள்ளங்கையைச் சொறியத் தொடங்கினாள். கமலாசனி பிடிக்கப் போனாள், அவள் கொடுக்கவில்லை. சுவரோடு நின்ற சுஜிதன் வந்து முழந்தாளிட்டு அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டான். கமலாசனியின் கை தன் மடியிலேயே விரிந்தபடி கிடந்தது.